கொட்டகையின் முதுகுப் பக்கம்

அன்றைக்கு மரியநாதன் ஐயா என்னை உட்காரச் சொல்லவில்லை.

அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு தடவையாவது அந்த வீட்டுக்குப் போயிருப்பேன். ஸ்கூட்டரை வேலியோரம் நிறுத்துவதற்குள் பிளாஸ்டிக் நாற்காலி வெளியே வந்துவிடும். "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்ற கேள்வியும் கூடவே வரும். அன்றைக்கு நாற்காலி சுவரோரம் சும்மா கிடந்தது. அவர் வேப்பமரத்தடியில் மருமகளின் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் பொய்ச் சாட்சி சொன்னன்னு எழுதிட்டியாம்மா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்; இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அது இதற்குள் தெரிந்திருக்கும். ஆனால் அவர் கோபப்படவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டார்.

அவர் ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கிருமாம்பாக்கத்தில் கடலூர் பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்புக்கு நடுவே உள்ளே போகிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் போகப்போகத் தெரியும்.

புள்ளி வைக்கிற உத்தியோகம்

இந்த வாரம்தான் முதல்முறை படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நாடு முழுக்க முன்காலத்தில் நாடகம் நடந்த இடங்களை, அது மண்டபமோ கொட்டகையோ வெறும் மைதானமோ, தேடிக் கண்டுபிடித்துக் கணினி வரைபடத்தில் புள்ளியாக வைக்கிற ஓர் ஆய்வு நடக்கிறது. அதில் வில்லியனூர், பாகூர் என்ற இரண்டு கொம்யூன் வட்டாரங்களும் என் தலையில் விழுந்தன. ஒப்பந்த வேலை. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில், தமிழ்த் தட்டச்சு தெரிந்த, கல்யாணம் ஆகாத ஒருத்திக்கு வேறு என்ன கிடைக்கும்?

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு படிவம் உண்டு. இடத்தின் பெயர், எத்தனை வருஷம் நடந்தது, எத்தனை பேர் உட்காரலாம், மேடை எந்தத் திசை பார்த்தது, போட்டோ, இரண்டு சாட்சிகள். ஒவ்வொரு சாட்சியின் பெயருக்குப் பக்கத்திலும் 'நம்பகம்' என்று ஒரு கட்டம். அதிகம், நடுத்தரம், குறைவு. மூன்றில் ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும். தொடாவிட்டால் படிவம் சிவப்புக் கோடு காட்டிக்கொண்டு அடம்பிடிக்கும்.

அம்மா இறந்த மூன்றாவது மாதம் இந்த வேலை வந்தது. வில்லியனூரில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். காலையில் கிளம்பினால் சாயங்காலம் வரை வெயிலில் சுற்றல். திரும்பி வந்து பூட்டைத் திறந்தால், காலையில் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். யாராவது அதை நகர்த்தியிருக்கக் கூடாதா என்று சில நாள் தோன்றும். இப்படி எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது உண்மை.

அலுவலகம் என்பது எனக்குக் கணினித் திரைதான். வாரம் ஒரு நாள் எல்லோரும் சின்னச் சின்னக் கட்டங்களில் வருவார்கள். ஒருங்கிணைப்பாளர் நந்திதாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும், நல்ல பெண். அந்த வாரம் முழுக்க என்னைக் கூப்பிட்ட ஒரே குரல் அவளுடையதாக இருந்த வாரங்கள் உண்டு. அவள் சொன்னதும் இவ்வளவுதான்: "மேம், நீங்க மியூட்ல இருக்கீங்க."

வில்லியனூரில் ஒரு ஜன்னல்

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் உண்டு. அந்த இடத்தில் முன்பு நாடகக் கொட்டகை இருந்ததாகக் கேள்விப்பட்டுப் போனேன். மேனேஜர் சத்தியம் பண்ணாத குறை. "நாடகமா? இங்கயா? யாரோ உங்கள நல்லா சுத்தவிட்டுட்டாங்க மேடம்" என்று சிரித்தார். கிளம்புகிற நேரத்தில் சமையற்கட்டில் ஒரு சின்ன ஜன்னல் கண்ணில் பட்டது. பந்திக்கு அப்பளம் நீட்டுகிற ஜன்னல். ஒரு கை மட்டும் நுழையும் அளவு, கீழே பாதி வட்டமாக வெட்டிய மரப்பலகை. டிக்கெட் கொடுக்கிற ஜன்னலை அப்படித்தான் செய்வார்கள். மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, மறுபடியும் விட்டுப் பார்த்தார்.

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு திமிர் வந்துவிட்டது. அந்தத் திமிரோடுதான் பாகூர்ப் பக்கம் போனேன்.

இரண்டு சாட்சிகள்

பெயர் சொல்லாத அந்த ஊரில், அறுவடை முடிந்ததும் களத்தில் ஓலைக்கொட்டகை போட்டு நாடகம் நடத்துவார்களாம். வெளியூர்க் கம்பெனி வந்து ஒரு மாதம் தங்கும். நாலைந்து வருஷம் தொடர்ந்து நடந்ததாம். பிரெஞ்சுக்காரன் போய்ச் சில வருஷம் ஆன சமயம்.

முதல் சாட்சி வெங்கடேசன் சார். நிலபுலன் உள்ள குடும்பம். கரும்பு அவர்களுக்கு இன்றைக்கும் உண்டு. கூடத்தில் உட்காரவைத்து ஃபில்டர் காபி கொடுத்தார். திரையில் அரண்மனை வரைந்திருந்ததையும், தூண்களுக்குத் தங்க நிறம் அடித்திருந்ததையும், முன்வரிசையில் தங்கள் வீட்டு பெஞ்சு போட்டிருந்ததையும் அச்சடித்த மாதிரி வரிசையாகச் சொன்னார். கொட்டகை முன் அவர் அப்பா நிற்கிற போட்டோகூட ஒன்று இருந்தது.

இரண்டாவது சாட்சி மரியநாதன் ஐயா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நடவு, கரும்பு வெட்டு என்று உடம்பு பார்க்காத வேலை இல்லை. மகன் வெளிநாட்டில். மருமகள் ஸ்டெல்லா பக்கத்து ஊரில் நர்ஸ். அவர் சொன்னதுதான் விசித்திரமாக இருந்தது.

"திரைன்னா இன்னாம்மா, வெள்ளத் துணிதான். ஊருப்பட்ட ஒட்டு. ராஜா வேஷம் கட்னவரு கிரீடத்தக் கழட்டி மடியில வச்சிக்கினு டீ குடிப்பாரு. ராணி பீடி குடிப்பா. ஆம்பளதான, குடிக்கட்டுமே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏதோ கோமாளிக் கூத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

கொட்டகை இருந்த களம் இன்று மனைப்பிரிவு. கல் நட்டு மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறார்கள். பழைய அடையாளமாக மிச்சம் இருந்தது ஒரு கிணறுதான். அதனால் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் கிணறு எந்தப் பக்கம்?

"லெஃப்ட் சைடு" என்றார் வெங்கடேசன் சார், யோசிக்காமல்.

"சோத்தாங்கை பக்கம்" என்றார் மரியநாதன் ஐயா, அவரும் யோசிக்காமல்.

சாலையோரம் நின்று போனில் அளந்தேன். இடதுகைப் பக்கம் என்றால் மேடை மனைப்பிரிவுக்குள் சரியாக உட்கார்ந்தது. வலதுகைப் பக்கம் என்று வைத்தால் புள்ளி நேராக மழைத்தண்ணீர்க் குட்டைக்குள் போய் விழுந்தது. தண்ணீருக்குள் நாடகம்! அங்கேயே நின்று படிவத்தை முடித்தேன். வெங்கடேசன், நம்பகம் அதிகம். மரியநாதன், நம்பகம் குறைவு, நினைவுக் குழப்பம்.

விரலால் ஒரு தொடல். அரை நொடி ஆகியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகள்

இத்தனைக்கும் வேலை முடிந்த பிறகும் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். போக எனக்கு வேறு இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வந்து சேரும் நேரம் பார்த்துப் போவேன். ஸ்டெல்லா கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பாள். "அக்கா, சும்மா சும்மா பிஸ்கட் பாக்கெட் வாங்கினு வராதீங்க" என்று திட்டுவாள். திட்டுகிறதற்கு ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, திட்ட ஆளில்லாமல் இரண்டு வருஷம் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

வரைபடத்தில் தன் பெயர் வரப்போகிறது என்பதில் ஐயாவுக்குக் கொள்ளைச் சந்தோஷம். ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். முன்னோட்டத்துக்காக அலுவலகம் ஒரு லிங்க் அனுப்பியது. நானும் அதை நல்ல மனதோடு ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். அவள் தெருக் குரூப்பில் போட்டாள். நம்பகம் என்கிற கட்டம் வெளியே தெரியும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என்னைச் செருப்பால் அடித்துக்கொண்டாலும் தகும்.

அந்தக் காலனியில் மாதா கோயிலில் கல்யாணம் என்றால், பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட மரியநாதன் ஐயாவைத்தான் கூப்பிடுவார்கள். சொன்ன சொல் மாறாத மனுஷர் என்று பெயர். லிங்க் வந்த அந்த வாரம் ஒரு கல்யாணம். பெண் வீட்டுக்காரர் ஒருவர் விளையாட்டாக, "பெரியப்பாவ உட்ருங்கப்பா, அவுரு சாட்சி செல்லாதுன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சி" என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வேறொருவரிடம் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் வேப்பமரத்தடியில் ஸ்டெல்லா சொல்லித்தான் தெரிந்தது. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொய்ச் சாட்சி சொல்றது பாவம்மா. பத்துக் கட்டளைல ஒண்ணு அது" என்றார் ஐயா. "எனக்குத் தெரிஞ்சி நான் ஒரு சொல் மாத்திச் சொல்லல. எங்க தப்பா சொன்னேன்னு நீ காட்டு. ஒத்துக்கிறேன்."

குட்டையைக் காட்டலாம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். என் பக்கம்தான் நியாயம் என்று அப்போதும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரைமேல் நின்றபோது

நான் சாலைப் பக்கம் திரும்பினேன். அவர் திரும்பவில்லை. வாய்க்கால் கரைமேல் ஏறி, ஒரு பூவரச மரத்தடியில் நின்றார்.

"அங்க எங்கம்மா போற? இங்க வா. இங்கருந்துதான பாப்போம்."

ஏறிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். எதிரே மனைப்பிரிவு. அதன் வலதுகைப் பக்கம், சோத்தாங்கைப் பக்கம், கிணறு.

சாலை கொட்டகைக்கு முன்பக்கம். நாங்கள் நின்ற கரை பின்பக்கம். அறுபது வருஷத்துக்கு முன் அந்தப் பையன் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து நாடகம் பார்த்திருக்கிறான்.

"பின்னாடிலேர்ந்தா பார்ப்பீங்க?"

"எங்க ஜனம் எல்லாம் இங்கதான். கரை மேடு பாரு, தட்டிக்கு மேல நல்லா தெரியும். வேஷக்காரங்க மொகம் கழுவ வாய்க்காலுக்கு வருவாங்கன்னு இந்தப் பக்கம் தட்டிய தாழ்வாத்தான் கட்டுவாங்க. திரைக்கும் கம்பத்துக்கும் நடுவுல ஓராளு சந்து. அதுல மேடை தெரியும். வேஷக்காரங்க முதுகு தெரியும்."

ஒட்டுப்போட்ட வெள்ளைத் துணி, அரண்மனைத் திரையின் முதுகு. டீ குடித்த ராஜாவும் பீடி குடித்த ராணியும் உள்ளே வந்து இளைப்பாறியவர்கள். அவர் சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை.

"உள்ள வரக்கூடாதுன்னு சொன்னாங்களா ஐயா?"

"யாரும் சொல்ல மாட்டாங்கம்மா. நாங்களும் போவ மாட்டோம். அவ்ளோதான்."

"இத ஏன் எங்கிட்ட அன்னிக்கே சொல்லல?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "எங்க உக்காந்து பாத்தன்னு நீ கேக்கலியேம்மா."

உண்மைதான். எத்தனை பேர் உட்காரலாம் என்று படிவம் கேட்டது, நானும் கேட்டேன். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று படிவம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாடகம் என்றால் எல்லோரும் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அதைவிடக் கேவலம், வெங்கடேசன் சார் சொன்னதை நான் அப்படியே நம்பியது அவர் கூடத்தையும் காபியையும் போட்டோவையும் பார்த்துத்தான். இதை அச்சில் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தத் தொடரை எழுதுவதிலேயே அர்த்தமில்லை.

இரண்டு பக்கம், ஒரே மேடை

வரைபடம் பொதுமக்களுக்குத் திறக்க நாலு நாள்தான் பாக்கி. நந்திதாவைக் கூப்பிட்டேன்.

"மேம், டேட்டா லாக் ஆயிடுச்சு. அடுத்த வெர்ஷன்ல மாத்திக்கலாமே?"

"அடுத்த வெர்ஷன் எப்போ?"

"சரியா தெரியல மேம். அடுத்த வருஷம் இருக்கலாம்."

"அதுவரைக்கும் ஒரு மனுஷன் பொய்யன்னு பேர் வாங்கிட்டு உக்காந்திருக்கணுமா? எழுபது வயசு தாண்டினவர்மா."

கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள். ஆனால் பொறுமையாகக் கேட்டாள். கிணறு, திரை, சந்து, கரை எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தில் படம் போட்டு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"மேம், அப்போ முரண்பாடே இல்லையே! ரெண்டு பேரும் ஒரே மேடையத்தான் சொல்றாங்க. ஒருத்தர் முன்னாடிலேர்ந்து, ஒருத்தர் பின்னாடிலேர்ந்து. இதைவிட நல்ல சாட்சி நமக்கு எங்கயும் கிடைக்கலயே." குரலில் நிஜமான சந்தோஷம். யார் யாரிடமோ பேசிப் பூட்டைத் திறக்கவைத்தாள். பார்வையாளர் பகுதி என்று ஒரே ஒரு கட்டம் போடத்தான் வழி இருந்தது. இரண்டாவதாக ஒன்று போடவும் வழி செய்தாள். வாய்க்கால் கரையை நானே விரலால் வரைந்தேன். நம்பகம் என்கிற கட்டத்தை எல்லா ஊருக்குமே வெளியே தெரியாமல் மறைத்துவிட்டார்கள்.

அதற்கு முன் முறைப்படி வெங்கடேசன் சாரிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். மேடைக்குப் பின்னால் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்களா?

"பின்னாடியா? பின்னாடி வாய்க்கா இல்ல இருந்துச்சு. யாரும் இருக்க மாட்டாங்களே மேடம்" என்றார். பொய் சொல்லவில்லை. நல்ல மனிதர். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இப்போதும் அவர் வீட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே முந்நூறு அடிகூட இருக்காது.

ராஜா அழுதாரா?

திருத்திய பக்கத்தைப் போனில் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். நாற்காலி வெளியே வந்தது. உட்கார்ந்து முழுக்கப் படித்துக் காட்டினேன். ஸ்டெல்லா அதையும் தெருக் குரூப்பில் போட்டாள். ஐயா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். படித்து முடித்த பிறகும் திறக்கவில்லை.

"யம்மா, ஒண்ணு கேக்கட்டா? சின்ன வயசிலேர்ந்து மனசுல கெடக்குது."

"கேளுங்க ஐயா."

"ராஜாவோட புள்ள செத்துப்பூடும் ஒரு நாடகத்துல. அவுரு மண்டிபோட்டு அழுவாரு. அந்தச் சந்துல எங்களுக்கு முதுகுதான் தெரியும். தோளு ரெண்டும் குலுங்கும். முன்னாடி பொம்பளைங்கல்லாம் ஓன்னு அழுவுற சத்தம் கேக்கும். நானும் இங்க அழுவேன். அழுது முடிச்சி உள்ள வந்தாருன்னா ஒண்ணுமே நடக்காத மாதிரி டீ கேப்பாரு. அவுரு நெஜமாவே அழுதாராம்மா? மூஞ்சியில கண்ணீரு வந்துச்சா? முன்னாடி பாத்தவுருக்குத் தெரியும் இல்ல?"

அப்போதே வெங்கடேசன் சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன். மறுமுனையில் அவர் சிரித்தார்.

"எனக்கென்ன தெரியும் மேடம்? நான் அப்ப குட்டிப் பையன். திரையப் பாப்பேன், பாட்டு ஆரம்பிச்சதும் பெஞ்சிலேயே தூங்கிடுவேன். அப்பா தோள்ல போட்டுத் தூக்கிட்டு வருவார். கதையெல்லாம் மறுநாள் அம்மா சொல்லிக் கேட்டதுதான்."

நன்றி சொல்லி வைத்தேன். நம்பகம் அதிகம் என்று நான் போட்டது நினைவுக்கு வந்து காது சுட்டது.

அந்தக் கரையில் ஐயாவோடு உட்கார்ந்திருந்த அவர் வயதுக்காரர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார். "முன்வரிசைல தூங்கிட்டாரா?" என்றார் ஐயா. "அப்போ முழிச்சிக்கினு பாத்தவன்ல மிச்சம் நான் ஒருத்தன்தானா?"

அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. போனை எடுத்து, "ராஜா அழுதார், கண்ணீர் வந்ததுன்னே உங்க சாட்சியில சேர்த்துடட்டுமா ஐயா? இன்னிக்கு ராத்திரி வரைக்கும் திருத்தலாம். இனிமே யார் வந்து இல்லைன்னு சொல்லப்போறாங்க?" என்று கேட்டேன்.

அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம்மா. தோளு குலுங்கிச்சி, அத போடு. மூஞ்சிய நான் பாக்கல. பாக்காதத எழுதாத."